இரத்தக் குழாய் பலமாக எதில் காசைப் போடுவது: சத்து மாத்திரையா, உப்புக் குறைப்பா, கிளினிக் மருந்தா?

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழும்பிலிருந்து பிள்ளைகள் வீட்டுக்கு வரும் நாட்களில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். “அக்கா, அப்பாவுக்குப் பிரஷர் கூடிப்போச்சாம். ரத்தக் குழா பலமாகுறதுக்கு நல்ல மாத்திர ஒண்ணு குடுங்க. வெல பரவாயில்ல.” பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) யாராவது பாரிசவாதத்தில் விழுந்திருப்பார்கள். அந்தப் பயத்தில் கேட்கிறார்கள். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு கையில் இருக்கும். அதை அப்பாவுக்காகச் செலவழிக்க மனமும் இருக்கும்.

அந்தக் காசும் அக்கறையும் எந்தப் பக்கம் போனால் குழாய்ச் சுவருக்கு உண்மையில் உதவும் என்று ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். நம் மக்கள் முன்னால் இருக்கும் வழிகள் இவை: போத்தலில் வரும் சத்து மாத்திரை, வீட்டைச் சுற்றி விளையும் கீரையும் பழமும், உப்பைக் குறைப்பது, புகையிலையை விடுவது, அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் கொடுக்கும் பிரஷர் மருந்து, நடை. என் முடிவை முதலிலேயே சொல்கிறேன். காசு இருந்தால் மேற்கையில் கட்டும் பிரஷர் மெஷின் ஒன்றுக்கும் கிளினிக் போய்வரும் செலவுக்கும் போடுங்கள். முயற்சியைப் புகையிலையிலும் உப்பிலும் போடுங்கள். போத்தல் கடைசி. ஏன் இந்த வரிசை என்பதற்குச் சுவர் எதனால் ஆனது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சுவரின் கதை

இரத்தக் குழாயின் சுவரில் மூன்று அடுக்குகள் உண்டு. இரத்தம் உரசிக்கொண்டு ஓடும் உள்பக்கத்தில் ஒரே ஒரு கலத்தின் தடிப்பில் மெல்லிய படலம் இருக்கிறது. நடுவில் சுருங்கி விரியும் தசையும், இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் இலாஸ்டின் நார்களும். வெளியே கொலாஜன் என்ற உறுதியான நார்களின் உறை. குழாய் விரிந்து கொடுப்பதற்கு இலாஸ்டின் வேண்டும், கிழியாமல் நிற்பதற்குக் கொலாஜன் வேண்டும்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் நம்முடைய முடிவு தங்கியிருக்கிறது. கொலாஜனை உடம்பு வாழ்நாள் முழுவதும் புதுப்பிக்கிறது. அதைச் சரியாக முறுக்கிக் கட்ட விட்டமின் சி கட்டாயம் தேவை. இலாஸ்டின் அப்படியில்லை. தாயின் வயிற்றிலும் சிறுவயதிலும் போட்டுக்கொண்டதை வைத்துக்கொண்டே மிச்சக் காலத்தை ஓட்ட வேண்டும். வளர்ந்த பிறகு உடம்பு அதை மிகக் கொஞ்சமாகத்தான் செய்யும். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை இதயம் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இழுபட்டு இழுபட்டு அந்த நார்கள் முறிகின்றன. பிரஷர் கூடினால் இழுப்பும் கூடும், முறிவும் விரைவாகும். முறிந்த இடத்தை விறைப்பான கொலாஜன் நிரப்பும். குழாய் விறைத்தால் பிரஷரின் மேல் இலக்கம் இன்னும் ஏறும். ஐம்பது வயதுக்கு மேல் மேல் இலக்கம் மட்டும் ஏறிக்கொண்டே போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

மலை உச்சியில் தாங்கியும் பள்ளத்தில் லயமும் இருக்கும் தோட்டங்களில் தண்ணீர்க் குழாய் எப்படி அடிவாரத்தில் பொருத்து விட்டுப் பீய்ச்சும் என்று எல்லாரும் பார்த்திருக்கிறோம். மேலே வால்வைக் கொஞ்சம் மூடாமல் கீழே எத்தனை தரம் புதுக் குழாய் போட்டாலும் அது நிற்காது. பிரஷரை இறக்காமல் இரத்தக் குழாயைப் பலப்படுத்தப் பார்ப்பதும் அப்படித்தான்.

உள்பக்கத்து மெல்லிய படலத்தையும் சும்மா நினைக்கக் கூடாது. அது நைட்ரிக் ஒட்சைட் என்ற வாயுவைச் சுரந்து, நடுவிலுள்ள தசையைத் தளரச் செய்து, குழாயை விரிய வைக்கிறது. இதைக் கண்டு சொன்னதற்காக ரொபர்ட் ஃபர்ச்கொட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவருக்கும் 1998இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் படலம் நலமாக இருக்கும்வரை கொழுப்பு சுவருக்குள் எளிதில் புகாது, இரத்தம் கட்டிப்படாது. புகையிலை, கூடிய சீனி, கூடிய பிரஷர் ஆகியவை முதலில் காயப்படுத்துவது இதைத்தான்.

போத்தல்

விட்டமின் சி பற்றிச் சொல்லப்படுவதில் பாதி உண்மை. அது அடியோடு இல்லாமல் போனால் கொலாஜன் தளர்ந்து, முரசில் (பல் ஈறில்) இரத்தம் கசியும், தோலில் மயிர்க்கால்களைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் வரும், தொட்டாலே கன்றும். அதுதான் ஸ்கர்வி. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் சலிஸ்பரி என்ற கப்பலில் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு பொருட்களைக் கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் கிடைத்த இருவர்தான் சட்டென்று தேறினார்கள்.

ஆனால் ஸ்கர்வி வராமல் தடுக்க நாளுக்குச் சுமார் 10 மில்லிகிராம் போதும். பெரியவர்களுக்கு நாளுக்கு 45 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் காட்டும் அளவு. கடையில் விற்பது 500, 1000 மில்லிகிராம் மாத்திரை. 1000 போட்டால் உடம்பு அதில் பாதி அளவைத்தான் உள்ளே எடுக்கும். எடுத்ததிலும் மிஞ்சியது சிறுநீரில் போய்விடும். கூடுதலாகப் போடுவதால் சுவர் கூடுதலாகப் பலமாகுமா என்பதையும் பெரிய அளவில் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 14,641 ஆண் வைத்தியர்களை வைத்து நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 500 மில்லிகிராம் விட்டமின் சி கொடுத்துச் சராசரியாக எட்டு வருடம் தொடர்ந்தார்கள். மாரடைப்போ பாரிசவாதமோ குறையவில்லை. அதே ஆய்வில் விட்டமின் ஈ எடுத்தவர்களிடம் மூளைக்குள் இரத்தம் கசியும் வகைப் பாரிசவாதம் கூடியிருந்தது. குழாய் பலமாகட்டும் என்று விட்டமின் ஈ கேட்டு வருகிறவர்களிடம் நான் இதைக் கட்டாயம் சொல்வேன்.

மீன் எண்ணெய்க் குளிசையும் அப்படித்தான். 25,871 பேரை வைத்து நடந்த ‘வைட்டல்’ (VITAL) என்ற ஆய்வில் நாளுக்கு ஒரு கிராம் ஒமேகா-3 கொடுத்தும், இதயம், குழாய் சம்பந்தப்பட்ட பெரிய நோய்களின் மொத்த எண்ணிக்கையில் நம்பத்தக்க குறைவு இல்லை. கொலாஜன் பவுடர் விலை கூடியது. குடித்தால் வயிற்றில் உடைந்து மற்றப் புரதங்களைப் போலத்தான் செரிக்கும். அது நேரே குழாய்ச் சுவரில் போய் உட்காரும் என்பதற்கு நம்பக்கூடிய சான்று ஒன்றும் நான் பார்த்ததில்லை. பருப்பும் முட்டையும் அதே வேலையைக் குறைந்த காசில் செய்யும்.

போத்தல் விடயத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வகை. கலர் குழாயில் வரும், தோடம்பழ வாசம் அடிக்கும், பிள்ளைகள் ஆசையாக வாங்கிக் கொடுப்பார்கள். அந்த நுரைக்குச் சோடியம் வேண்டும். ஒரு மாத்திரையில் 200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் உள்ளவை இருக்கின்றன, அதாவது அரைக் கிராமுக்கு மேல் உப்பு. பிரஷர் உள்ள அப்பாவுக்குத் தினம் ஒன்று கரைத்துக் கொடுத்தால், பிள்ளை காசு கொடுத்து உப்பு ஊட்டுகிறது என்றுதான் அர்த்தம். டியூப்பைத் திருப்பிப் பின்பக்கம் சோடியம் எவ்வளவு என்று வாசித்துவிட்டு வாங்குங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் கூடிய அளவு விட்டமின் சி பக்கமே போக வேண்டாம்.

யாருக்கு விட்டமின் சி மாத்திரை உண்மையில் தேவை? பல் இல்லாமல், தனியாக இருந்துகொண்டு, பாணும் தேத்தண்ணியுமாகவே நாளை ஓட்டும் வயோதிபர்களுக்கு. சாப்பாட்டை விட்டுச் சாராயத்தில் இருப்பவர்களுக்கு. முரசு கசிந்து, காயம் ஆறாமல் இருந்தால் வைத்தியரிடம் காட்டி மலிவான சாதாரண மாத்திரையைச் சில வாரம் எடுத்தால் போதும்.

லயத்தைச் சுற்றி விளைவது

சாப்பாட்டையும் போத்தலையும் பக்கத்தில் வைத்தால் சாப்பாடு எளிதாக வெல்லும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவுக்கு விட்டமின் சி உண்டு. ஒரு சின்னக் கொய்யா ஒரு நாள் தேவைக்குத் தாராளம். நெல்லி கிடைக்கும் ஊவாப் பக்கத்தில் அதுவும் நல்லது. வல்லாரைச் சம்பலும் பச்சைக் கோவாச் சம்பலும் அடுப்பு ஏறாததால் சத்து குறையாமல் வரும். தேசிக்காயை அடுப்பை அணைத்து இறக்கிய பிறகு பிழியுங்கள், கொதிக்கும்போது பிழிந்தால் சத்துக் குறையும். கீரை, வாழைப்பழம், கிழங்கு, பருப்பு ஆகியவற்றில் பொட்டாசியம் இருக்கிறது. அது உடம்பிலுள்ள மேலதிக உப்பை வெளியே தள்ள உதவுகிறது. எந்த விட்டமின் போத்தலிலும் அந்த அளவு பொட்டாசியம் வராது.

நாட்டுக்கே மரக்கறி அனுப்பும் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, கரட்டும் லீக்ஸும் லொறியில் கொழும்புக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு, ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிடும் வீடுகள் நம்மிடம் நிறைய. சம்பளம் அப்படி. அதனால் “பழம் வாங்கிச் சாப்பிடுங்கள்” என்று சொல்லிவிட்டு நகர்வது எனக்குச் சரியாகப் படவில்லை. லயத்துக்குப் பின்னால் ஒரு முழம் மண் இருந்தாலும் வல்லாரையும் பொன்னாங்காணியும் வரும். ஒரு கொய்யா மரம் நாலு வீட்டுக்குப் போதும்.

தேத்தண்ணி பற்றியும் கேட்பார்கள். தேயிலையிலுள்ள சில பொருட்கள் உள்படலத்தைச் சுரக்க வைத்துக் குழாய் விரிய உதவுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நல்ல செய்திதான். ஆனால் மூன்று கரண்டி சீனியோடு நாளுக்கு ஆறு கோப்பை குடித்தால் அந்த நன்மை கரைந்துவிடும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறையும். இரத்தசோகை கூடிய நம் பெண்களுக்கு அது சின்ன விடயம் இல்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் விட்டுக் குடிக்கட்டும். பூண்டு பிரஷரைக் கொஞ்சம் குறைக்கலாம், கறியில் போடுங்கள். மருந்தை நிறுத்திவிட்டுப் பூண்டை நம்ப வேண்டாம்.

உப்பு

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். காசு கேட்காத வழி இது. மிச்சம்கூடப் பிடிக்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை நாளுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள், அதாவது தட்டின ஒரு சிறு தேக்கரண்டி. உலகச் சராசரி 10.8 கிராம் என்று அந்த நிறுவனமே 2023இல் சொல்லியது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அறிய மெஷின் வேண்டாம். அடுத்த உப்புப் பைக்கட்டை உடைக்கும் நாளைப் பேனையால் அதன் மேலேயே எழுதிவையுங்கள். வீட்டில் ஐந்து பேர் என்றால் ஐந்து கிராம் கணக்கில் நாளுக்கு 25, மாதத்துக்கு 750 கிராம். இது எல்லாம் சேர்ந்த எல்லை. கருவாடு, நெத்தலி, பாண், ரோல்ஸ், டின் மீன், சூப் கட்டி, நூடில்ஸ் பைக்கட்டுக்குள் இருக்கும் தூள் என்று உப்பு வேறு வழிகளிலும் வருகிறது. ஆகவே அரைக் கிலோ உப்பு ஒரு மாதம் வராவிட்டால் உங்கள் வீட்டில் எல்லை தாண்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஊறுகாய் போட்ட மாதத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

குறைப்பது எப்படி? சோற்றுக்கும் ரொட்டி மாவுக்கும் உப்புப் போடுவதை முதலில் நிறுத்தலாம். கறியில் உப்பு இருக்கும்போது இரண்டாவது தரம் எதற்கு? கருவாட்டைச் சுடுதண்ணியில் அரை மணித்தியாலம் ஊறவைத்து, அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டு மறுபடி அலசுங்கள். கட்டச் சம்பலை இடிக்கும்போது உப்புக் கல்லைக் கையால் அள்ளிப் போடும் பழக்கம் உண்டல்லவா, அதைக் கரண்டிக்கு மாற்றுங்கள். தேசிக்காய்ப் புளியைக் கொஞ்சம் கூட்டினால் நாக்கு ஏமாற்றம் காட்டாது. முதல் இரண்டு வாரம் வீட்டில் முணுமுணுப்பு இருக்கும். ஒரு மாதத்தில் பழைய அளவு கரிக்கத் தொடங்கும்.

பலன் எவ்வளவு? நாளுக்குச் சுமார் 4 கிராம் உப்பைக் குறைத்தால் பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் இலக்கம் சராசரியாக 5 புள்ளி இறங்குகிறது. ஒரு பிரஷர் மருந்தை வழமையான அளவில் எடுத்தால் இறங்குவது சராசரியாக 9. அப்படியானால் சமையலறையில் செய்யும் மாற்றம் அரை மாத்திரைக்கு மேல் வேலை செய்கிறது, அதுவும் வீட்டில் உள்ள எல்லாருக்கும் ஒரே நேரத்தில்.

சாதாரண உப்பில் கால் பங்குக்குப் பொட்டாசிய உப்பைக் கலந்து சீனாவில் 600 கிராமங்களில் கிட்டத்தட்ட 21,000 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021இல் வந்தது. பாரிசவாதம் 14 சதவீதம் குறைந்தது. இந்த வகை உப்பு கிடைத்தால் நல்லதுதான். ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களும், எனலாப்ரில், லொசார்ட்டன், ஸ்பைரனோலக்டோன் ஆகிய பிரஷர் மருந்துகளை எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது. பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே குழம்பும். அயடீன் சேர்க்காத பாறை உப்பு, இந்துப்பு என்று மாறுவதில் குழாய்க்கு எந்த நன்மையும் இல்லை. சோடியம் ஏறக்குறைய அதே அளவுதான், போவது அயடீன் மட்டும்.

புகையிலை

இதை நீளமாக எழுதத் தேவையில்லை என்றாலும் வரிசையில் முதல் இடம் இதற்குத்தான். பீடியோ சிகரட்டோ, புகை இரத்தத்தில் ஏறிய நிமிடமே உள்படலத்தின் நைட்ரிக் ஒட்சைட்டை அழிக்கத் தொடங்குகிறது. வயிற்றிலுள்ள பெருநாடி ஊதி வெடிக்கும் நோய்க்குப் புகைதான் மிகப் பெரிய காரணம். “நாளைக்கு ஒண்ணுதானே அக்கா” என்பார்கள். நாளுக்கு ஒரே ஒரு சிகரட் பிடிப்பவருக்கும், இருபது பிடிப்பவருக்கு ஏறும் இதய நோய் அபாயத்தில் பாதி அளவு ஏறுகிறது என்பது 2018இல் வெளிவந்த கணக்கு. குறைத்தால் போதாது, விட வேண்டும். விட்ட ஒரு வருடத்தில் மேலதிக அபாயம் பாதியாகிறது. இவ்வளவு பெரிய பலனை எந்தச் சத்து மாத்திரையும் தராது.

வெற்றிலையோடு புகையிலை போடும் அம்மாமார் இதைத் தங்களுக்கு இல்லை என்று நினைக்கிறார்கள். கொழுந்து மலையில் குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை என்று தெரியும், அதனால் திட்ட எனக்கு மனம் வராது. ஆனால் வாயில் அடக்கிய புகையிலையிலிருந்தும் நிகொட்டின் இரத்தத்தில் ஏறிக் குழாயைச் சுருக்குகிறது, பிரஷரை ஏற்றுகிறது. வாய்ப் புற்றுநோய் வேறு. பாக்குக்கே அந்த ஆபத்து உண்டு. முதல் படியாகப் புகையிலையை எடுத்துவிடலாம், பிறகு பாக்கையும்.

அடுப்புப் புகையையும் இந்த இடத்தில் சேர்க்க வேண்டும். கவ்வாத்து மிலாறு (வெட்டிய தேயிலைக் கொம்பு) எரியும் லயத்துக் குசினியில் யன்னல் இல்லாமல் வருடக் கணக்காக நிற்கிற பெண்ணின் குழாய்களும் புகையைக் குடிக்கின்றன. புகைபோக்கி உள்ள அடுப்புக்கு மாறிய பெண்களுக்குப் பிரஷர் கொஞ்சம் இறங்கியதை குவாத்தமாலாவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். பிள்ளை அனுப்பும் காசில் ஒரு புகைபோக்கி வைப்பது விட்டமின் போத்தலை விட நல்ல செலவு என்பேன்.

கிளினிக்கும் மெஷினும்

பிரஷர் 140/90க்கு மேல் தொடர்ந்து நின்றால் மருந்து தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி. மேல் இலக்கத்தை 10 புள்ளி இறக்கினால் பாரிசவாதம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. நான் மேலே சொன்ன போத்தல்களில் எதற்கும் இவ்வளவு கூடிய, இவ்வளவு காலம் சரிபார்க்கப்பட்ட சான்று இல்லை. நம் நாட்டிலேயே 700 பேரை வைத்து, மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையில் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளியாகி உலகத்தின் கவனத்தைப் பெற்றது. ஆறு மாதத்தில் அந்தக் குளிசை எடுத்தவர்களில் 70 சதவீதமானோர் இலக்கை எட்டினார்கள், வழமையான சிகிச்சையில் 55 சதவீதம். “எத்தனை மருந்து எழுதுறாங்க” என்று பயப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்வேன். குறைந்த அளவில் இரண்டு மூன்று மருந்து எடுப்பது ஒன்றைக் கூடிய அளவில் எடுப்பதை விடப் பல நேரம் நல்லது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்த மருந்து இலவசம். ஆனால் உண்மையில் அது இலவசமாக வருவதில்லை. கிளினிக் நாளில் வேலைக்கு வந்ததாகப் பேர் பதியமாட்டார்கள், அன்றைய சம்பளம் போய்விடும். விடியற்காலை மலையிலிருந்து இறங்கி, பஸ் மாறி, வரிசையில் நின்று, கொப்பியைக் கொடுத்துக் காத்திருந்து, பின்னேரம் திரும்ப வேண்டும். அதனால்தான் பலர் இரண்டு தரம் போய்விட்டு மூன்றாம் தரம் நின்றுவிடுகிறார்கள். பிள்ளை அனுப்பும் காசு இந்த ஓட்டையை அடைக்கட்டும். “கிளினிக் நாள் சம்பளத்த நான் தாரேன்பா, நீங்க போங்க” என்று சொல்லி அனுப்பும் ஒரு நாள் சம்பளம், போத்தலுக்குப் போடும் காசை விட நல்ல செலவு.

மருந்தை நிறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை ஆண் வைத்தியரிடம் சொல்லப் பெண்கள் கூச்சப்படுவார்கள். என்னிடம் மெதுவாகச் சொல்வார்கள். ஐதரோகுளோரோதயசைட் போன்ற மருந்து சிறுநீரைக் கூட்டும். மலையில் கழிப்பறை கிடையாது. அதனால் வேலை நாட்களில் அந்தக் குளிசையைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள், ஞாயிறு மட்டும் போடுகிறார்கள். இதை வெளிப்படையாகச் சொன்னால் வைத்தியர் நேரத்தையோ மருந்தையோ மாற்றித் தருவார். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும், எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் கொடுக்கும். இரண்டுக்கும் மாற்று இருக்கிறது. நிறுத்த வேண்டாம், கேளுங்கள்.

இடுப்பு வலிக்கும் முழங்கால் வலிக்கும் டைக்ளோஃபெனக், இபுபுரொஃபன் என்று தாமாக வாங்கிப் போடுவது பிரஷரை ஏற்றும், பிரஷர் மருந்தின் வேலையையும் கெடுக்கும். கூடை சுமக்கிற உடம்பு வலிக்கத்தான் செய்யும். பரசிட்டமோல், பூச்சு மருந்து, சுடுதண்ணி ஒத்தடம் என்று முதலில் பாருங்கள். அப்போதும் நுரைக்கிற பரசிட்டமோல் வேண்டாம், அதிலும் சோடியம்தான்.

மெஷின் விடயம். மணிக்கட்டில் கட்டுவதை விட மேற்கையில் கட்டுவது நம்பகமானது. பட்டி கையின் பருமனுக்குப் பொருந்த வேண்டும். அளக்கும் முன் அரை மணித்தியாலம் தேத்தண்ணி, வெற்றிலை, பீடி எதுவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் இரண்டையும் தரையில் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். கையை நெஞ்சு உயரத்தில் மேசையில் வைத்து, இரண்டு தரம் அளந்து எழுதுங்கள். கோயில் படி ஏறி வந்த மூச்சோடு அளந்தால் இலக்கம் பொய் சொல்லும். வீட்டில் அளக்கும்போது எல்லை 135/85. ஒரு மெஷின் ஒரு லயத்துக்கே போதும். எழுதிய கொப்பியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனால் வைத்தியரின் வேலையும் இலகு.

நடையைப் பற்றி இரண்டு வரி. மலை ஏறி இறங்கும் கொழுந்துப் பெண்ணுக்கு மேலதிக நடை சொல்ல மாட்டேன், அவளுக்கு ஓய்வுதான் தேவை. கொழும்புக் கடையில் பன்னிரண்டு மணித்தியாலம் ஒரே இடத்தில் நிற்கும் மகனுக்கும், முச்சக்கர வண்டி ஓட்டுகிறவருக்கும் கிழமைக்கு 150 நிமிட வேக நடை தேவை. இரத்தம் வேகமாக ஓடும்போது உள்படலம் நைட்ரிக் ஒட்சைட்டைக் கூடுதலாகச் சுரக்கும்.

வீட்டுக்கு வீடு வரிசை மாறும்

ஐம்பத்தைந்து வயது அப்பா, 160/100, பீடி பிடிக்கிறவர் என்றால் கிளினிக்கும் பீடியை விடுவதும் ஒரே கிழமையில் நடக்க வேண்டும். உப்பு அதோடு. சத்து மாத்திரை பேச்சே வேண்டாம்.

கொழுந்து எடுக்கும் அம்மா, 138/86, வெற்றிலையும் கருவாடும் உண்டு, இரத்தசோகையும் உண்டு என்றால் உப்பும் புகையிலையும்தான் முதல். கீரையும் முட்டையும் கூடட்டும், தேத்தண்ணி நேரம் மாறட்டும். மூன்று மாதம் வீட்டில் அளந்து பார்த்து, இறங்காவிட்டால் வைத்தியரிடம் காட்டலாம். அம்மாவுக்குச் சீனி வியாதியும் இருந்தால் காத்திருக்க வேண்டாம். இரத்தத்திலுள்ள மேலதிக சீனி கொலாஜனோடு ஒட்டிக்கொண்டு சுவரை விறைக்க வைக்கிறது. அங்கே சீனியைக் கட்டுப்படுத்துவதும் பிரஷர் மருந்தும் சேர்ந்தே போக வேண்டும்.

கொழும்பிலிருந்து காசு அனுப்புகிற அந்த முப்பது வயதுப் பிள்ளையை யாரும் அளப்பதில்லை. அப்பாவுக்குப் பிரஷர் என்றால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு கூட. கடைக் கொத்து ரொட்டி, சிகரட், தூக்கமில்லாத வேலை. அப்பாவுக்கு வாங்கிய மெஷினை முதலில் உங்கள் கையில் கட்டிப் பாருங்கள். கர்ப்பிணிகளின் கணக்கே வேறு. எனலாப்ரில், லொசார்ட்டன் அவர்களுக்கு ஆகாது. மருத்துவிச்சி அம்மாவிடம் உடனே சொல்ல வேண்டும்.

எந்த வழியில் போனாலும், முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால் வெற்றிலை இடித்துக் கொடுத்துக்கொண்டு, எண்ணெய் தேய்த்துக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள். 1990ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு கிடையாது. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் அவகாசம். நம் மலைகளில் தோட்டத்துப் பாதையிலேயே அதில் ஒரு பகுதி கழிந்துவிடும். அதனால் கடைசியாக நன்றாக இருந்த நேரம் எத்தனை மணி என்று ஒரு துண்டில் எழுதி, கிளினிக் கொப்பியோடு கையில் கொடுத்து அனுப்புங்கள்.